பலகையின் மூலையில் ஒரு கட்டம்

அன்றைக்குப் பாசிப்பயறு பறிக்கக் காட்டில் இறங்கியிருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மகன் கருப்பசாமி, மருமகள் முத்துலட்சுமி, பொங்கல் லீவில் இருந்த பேத்தி பவானி, பக்கத்துக் காட்டு வேலம்மாள். முத்துலட்சுமியின் செல்லுக்குத்தான் செய்தி வந்தது. "அத்தே, நம்ம வடிவு டீச்சர் நேத்து சாயந்தரம் தவறிட்டாவளாம்" என்றாள். நான் அப்படியே காட்டில் உட்கார்ந்துவிட்டேன். வேலம்மாள் மட்டும் கையை நிறுத்தாமல் பறித்துக்கொண்டே இருந்தாள். அவள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் எழுத்தைக் காட்டியவர் வடிவு டீச்சர். அவள் கை நிற்காததையும் நான் மறக்கப்போவதில்லை.

டீச்சரிடம் படித்த பிள்ளைகளே, நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்லப் பவானி எழுதுகிறாள். பசுவந்தனைப் பக்கம் இருக்கிற நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நானும் ஐந்து நாள் இருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம். பவானி நாலாம் வகுப்பு. கோவில்பட்டி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்த நேரம். பவானியின் டி.சி.யை வாங்கப் போனான் கருப்பசாமி. எங்கள் வீடு போனால் பின்னாலேயே நாலைந்து வீடு போகும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான். டீச்சருக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் கெஞ்சவில்லை.

"ஒரு வாரம் குடுங்க அண்ணாச்சி. வீட்டுல ஒருத்தர் வந்து வகுப்புல உக்காந்து பாக்கட்டும். சனிக்கிழமை நானே எழுதித் தாரேன்" என்றார்.

வீட்டில் சும்மா இருந்தவள் நான். குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்சி ஆள் கிடையாது என்று என்னை அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்காரர்களோடு உட்கார்ந்தேன். டீச்சர் பலகையில் நாற்பத்திரண்டில் பதினேழு போனால் முப்பத்தைந்து என்று எழுதினார். "டீச்சர், தப்பு!" என்று ஒரு வாண்டு கத்தியது. டீச்சர் கோபிப்பார் என்று பார்த்தால், சாக்பீஸை அதன் கையில் கொடுத்தார். பலகையின் மூலையில் ஒரு கட்டம் போட்டு, மேலே 'டீச்சர் செய்த தவறு' என்று எழுதியிருந்தது. கண்டுபிடித்த பிள்ளை அதில் சரியான விடையை எழுதி, கீழே தன் பெயரையும் எழுதவேண்டும். அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன்: "ஏலே, அந்தப் பொம்பளைக்குக் கழிக்கவே தெரியலடா. பிள்ளைய மாத்திரு."

செவ்வாய்க்கிழமை மூன்றாம் வகுப்பு. சிரட்டை சிரட்டையாகத் தானியம் வைத்து வகை பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். டீச்சர் தூத்துக்குடி டவுன்காரர். குதிரைவாலியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சாமை" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, அது குதிரைவாலில்லா! இது தெரியாமத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கியளா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. "ஆச்சி தப்பு கண்டுபிடிச்சிட்டா! எழுதணும், எழுதணும்!" என்று ஒரே கூச்சல். டீச்சர் சாக்பீஸை நீட்டினார். எத்தனையோ வருஷம் கழித்துப் பலகைமுன் நின்றேன். எழுதினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மத்தியானம் கேட்டேன்: "வேணும்னேதான சொன்னிய?"

"நேத்துக் கழித்தல் வேணும்னே சொன்னது. இது நெசமாவே தெரியாது ஆச்சி" என்று சிரித்தார். அன்று மாலை வீட்டில், பிள்ளைகள் எனக்குக் கை தட்டியதை மட்டும் சொன்னேன்.

புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்தார். "சூரியன் வருஷம் பூரா நேர்கிழக்கில் உதிக்கும்" என்றார். ஒரு கை மெல்ல மேலே வந்தது. மூன்றாம் வகுப்புக் கற்பகம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"டீச்சர்... பொங்கலுக்குப் பால் பொங்கையில சூரியன் புளியமரத்துப் பக்கமா வந்துச்சு. இப்ப கோயிலுக்கு அந்தப் பக்கமால்லா வருது..."

வருஷம் தவறாமல் சூரியனுக்கு நேரே பொங்கலிடுகிறவள் நான். நான் கவனித்ததில்லை.

"நாளைக்கு விடியுமுன்ன எல்லாரும் வாங்க, பாப்போம். அவ சொன்னது சரின்னா கட்டத்துல கற்பகம் எழுதுவா" என்றார் டீச்சர். அந்தப் பிள்ளை வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்து முன்னால் நின்றோம். கருப்பசாமியும் வந்தான். கோயிலுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தை விட்டு எவ்வளவோ தள்ளி, சூரியன் எழும்பியது. பிள்ளைகள் கத்தினார்கள். கருப்பசாமி என் பக்கம் திரும்பி, "இத்தனை வருசமா இங்கனதான் கெடக்கேன். பாக்கல பாத்தியாம்மா" என்றான். பவானி டி.சி. வாங்கவில்லை. எங்களைப் பார்த்து மற்ற வீடுகளும் நின்றுவிட்டன. பள்ளிக்கூடம் இன்றைக்கும் நடக்கிறது. பவானி இப்போது கோவில்பட்டியில் பத்தாவது. அங்கேயும் சார்களிடம் தப்பு கண்டுபிடிப்பதாகப் புகார் வருகிறது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கற்பகம் வரவில்லை. நாங்கள் கிழக்கே பார்த்து நின்றபோது வேன் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலில் அவள் முகம். முன்னமே எடுத்துவைத்திருந்த புது யூனிபாரம். எழுதவேண்டியவளை முதல் நாள் ராத்திரியே வேனுக்குப் பேசி முடித்திருந்தான் அவள் அப்பன்.

"நான் எழுதட்டா டீச்சர்?" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டான். "வேண்டாம். அது அவ கண்டுபிடிச்சது" என்று கட்டத்தில் கற்பகத்தின் பெயரை மட்டும் எழுதி, மேலே இடம் விட்டுவைத்தார். அந்த வருஷம் முடிகிறவரை அதை அழிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பக்கத்தில் வேறு கட்டம் போட்டுக்கொண்டார். கற்பகம் வந்து எழுதவே இல்லை.

டீச்சரிடமிருந்து எனக்கு மிச்சமாக இருப்பது ஒன்று. குழம்பில் உப்பு கூடிவிட்டால், இப்போதெல்லாம் முத்துலட்சுமி வாயைத் திறக்குமுன், "நாந்தான் போட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மனுஷிக்கு அது லேசான காரியமில்லை.

"அவருக்கும் பிள்ளைமேல ஆசைதான ஆச்சி, விடுங்க" என்று டீச்சர் கற்பகத்தின் அப்பனை மன்னித்தார். அந்தப் பாடம் எனக்கு ஏறவில்லை. ஒரே ஒரு காலைப்பொழுது பொறுத்திருக்கலாம். பிள்ளை எழுதிவிட்டு வேனில் ஏறியிருப்பாள். பொறுக்காதவன் பெயரையும் எழுது பவானி, அழிக்காதே: மேலத்தெரு முருகையா.