மூச்சு வாங்கும் இசைத்தட்டு

என் சித்தப்பா பிரான்சிலிருந்து விடுப்பில் வந்தபோது எல்லோருக்கும் ஏதாவது கொண்டுவந்தார். அப்பாவுக்கு மின்சாரத்தில் ஓடும் சவரக் கருவி, அம்மாவுக்கு ஒரு சென்ட் புட்டி, அத்தைக்கு லூர்து மாதா சுரூபம், எனக்கு ஒரு பெட்டி சாக்லேட். தனக்கென்று அவர் கொண்டுவந்தது ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரே ஒரு இசைத்தட்டும்தான். அந்த இசைத்தட்டுக்குப் பயந்தே அந்தத் தை மாதத்தை நான் கழித்தேன்.

எழுபதுகளின் கடைசி. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது காரைக்காலில் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பார். சொல்தா என்று அவர்களைச் சொல்வோம். அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் சொல்தா. கடைசியாக ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பாலைவன நாட்டில் இருந்தாராம். அங்கே எப்படி என்று யார் கேட்டாலும் "மணல் ஜாஸ்தி" என்பார். கல்யாணங்கள் நடக்காத தவக்காலம் தொடங்குவதற்குள் அவருக்குக் கல்யாணத்தை முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டில் திட்டம் போட்டிருந்தார்கள்.

இசைத்தட்டின் உறையே எனக்குப் பிடிக்கவில்லை. அறுத்து முடித்த வயல் மாதிரி ஒரு வெட்டவெளி. அதன் நடுவில் ஒரு கதவு. சுவர் கிடையாது, வீடு கிடையாது, கதவு மட்டும் நின்றது. அதுவும் லேசாகத் திறந்திருந்தது. உறையில் பாடியவர்களின் முகம் எதுவும் இல்லை. முகத்தைக் காட்டாதவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று நான் யோசித்தேன்.

அதன் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. முதலில் வெறும் காற்று. பிறகு தேவாலயத்தில் கேட்பது போன்ற ஆர்கன் இசை, மெதுவாக, எங்கும் போகிற அவசரம் இல்லாமல். ஒருவன் ஆங்கிலத்தில் இரண்டு வரி பாடிவிட்டுப் போய்விடுவான். அதற்குப் பின் யாரோ ஓடிவந்து மூச்சு வாங்குகிற சத்தம். அந்த மூச்சு நெருங்கி நெருங்கி வரும். ஸ்பீக்கருக்கு வெளியே, நம் காதுக்குப் பின்னால் வந்து நிற்கும். சட்டென்று அமைதி. அந்த அமைதியை உடைத்துக்கொண்டு மேளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும்.

முதல் தடவை அது வெடித்தபோது நான் அடுப்படிக்கு ஓடி அம்மாவின் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அம்மா கையில் இருந்த கரண்டியோடு நின்று கேட்டுவிட்டு, ஆர்கன் வருகிற இடம் மட்டும் நன்றாக இருப்பதாகவும், அதற்கப்புறம் யாரோ கோயிலை இடிக்கிற மாதிரி இருப்பதாகவும் சொன்னார்.

புதிதாக வந்த பொருளைப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் குறைவே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள்; கேட்டவர்கள் எல்லோரும் அபிப்பிராயம் சொன்னார்கள். பொதுப்பணித் துறையில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, ஒரு பாட்டை இத்தனை நேரம் இழுக்கிறவனுக்கு வீட்டில் வேறு வேலை இருக்காது என்றார். ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பக்கத்து வீட்டு பாய், கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். "ஸ்பீக்கர் அருமையான ஸ்பீக்கருங்க" என்றார். பாட்டைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் இரண்டு தம்ளர் காப்பி குடித்துவிட்டு, பாஷை தெரியாத பாட்டில் பாவம் இருக்கிறதா இல்லையா என்று தன்னால் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்று எழுந்துகொண்டார்.

அத்தைக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. கணவரை இழந்து எங்களோடு இருந்த அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். ஒரே தடவைதான் கேட்டார்.

"இது மனுசன் பாடுனது இல்லடா. அந்த மூச்சு விடுறவன் யாருன்னு நெனக்கிற? உள்ளார மாட்டிக்கிட்டு வெளிய வரப் பாக்குறான்."

சித்தப்பா எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரிப்பையே பதிலாகத் தந்தார். "பிரான்ஸ்ல இந்த ரெக்கார்டு இல்லாத வீடே கெடையாதுக்கா" என்று அத்தையிடம் மட்டும் சொன்னார். அப்படியானால் அந்த நாடு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறான் என்று நான் புரிந்துகொண்டேன்.

மற்றவர்கள் கேட்டு முடித்து, பேசி முடித்து, அலுத்தும் போனார்கள். சித்தப்பா நிறுத்தவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் எங்கே போய் ஒளிந்தாலும் அது என்னைத் தேடி வந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். கொல்லைக் கடைசிக்குப் போய் வேலியோரம் நின்றேன். அங்கே நின்றால் என் மூச்சே எனக்குக் கேட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. ஒருநாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சித்தப்பா நாற்காலியில் இல்லை. மூலையில் இரண்டு சுவரும் சேர்கிற இடத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடுகள் எதையோ எண்ணுவதுபோல அசைந்தன. மேளம் வெடிக்க, அவர் தலையை மெல்ல ஆட்டினார். உள்ளே இருப்பவனோடு சித்தப்பா பேசுகிறார் என்றே நான் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் கேட்டுவிடுவான் என்று பயம்.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, கோட்டுச்சேரியிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பாவும் பழைய சொல்தாதான். வெகுகாலத்துக்கு முன் இந்தோசீனாவில் சண்டைக்குப் போய் வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான, பேச்சு குறைந்த மனிதர். அவரோடு வந்த மைத்துனர் அதற்கும் சேர்த்துப் பேசினார். கோழிக்கறியும் வடையும் நல்லபடியாக முடிந்தன. கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பதற்கு நாள்கூடப் பேசத் தொடங்கினார்கள். அப்போதுதான் அந்த மைத்துனர் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"மாப்புள பாட்டு பொட்டியெல்லாம் கொண்டாந்துருக்காப்ல. போடுங்க தம்பி, நாங்களும் கேப்பம்."

அப்பா வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அத்தை கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் கேட்டதை எப்படி மறுப்பது? சித்தப்பா எழுந்து தட்டை வைத்தார். எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் புதுப் பாவாடையோடு ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அம்மா கட்டளை இட்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்தது பிளேயர் இருந்த மேசைக்குப் பக்கத்தில். பாவாடையின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன்.

காற்று வந்தது. ஆர்கன் வந்தது. மைத்துனர், "நம்ம கோயில் பாட்டு மாதிரியே இருக்கே" என்று மகிழ்ந்தார். பாடுகிறவன் வந்து இரண்டு வரி பாடிவிட்டுப் போனான். மூச்சு தொடங்கியது. எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள்.

மூச்சு காதருகில் வந்த நேரத்தில் கரண்டு போய்விட்டது.

மின்விசிறி தளர்ந்தது. ஆனால் பாட்டு உடனே நிற்கவில்லை. தட்டு வேகம் குறைந்து குறைந்து சுற்ற, மேலே இருந்த சத்தமெல்லாம் கீழே விழத் தொடங்கியது. மூச்சு உறுமலாக மாறியது. உறுமல் இன்னும் தடித்து, பாதாளத்தில் எதுவோ வாயைப் பிளப்பதுபோல இழுபட்டு இறங்கியது. அவன் வெளியே வந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் ஏதோ பெரிய பாரம் பக்கவாட்டில் மோதி என்னைத் தரையில் தள்ளியது.

சித்தப்பா என் மேல் கிடந்தார். என் தலையை அவர் நெஞ்சுக்கடியில் அழுத்தி, ஒரு கையால் என் பின்மண்டையை மூடியிருந்தார். அவர் சட்டைப் பொத்தான் என் நெற்றியில் பதிந்தது. அவருடைய இதயம் அடிப்பது என் காதுக்குள் கேட்டது. மூச்சு வாங்கினார். அதே மூச்சு. இசைத்தட்டில் இருந்தவன் சித்தப்பாவுக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். என் கால் வழியே பாவாடை நனைவது தெரிந்தது.

மேலே ஒரே கலவரம். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா, "தம்பி, டேய், எழுந்திரு" என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தார், அவர் அசையவில்லை. யாரோ வலிப்பு என்றார்கள், யாரோ இரும்பு எடுத்துவரச் சொன்னார்கள். அத்தை, "சேசு மரி சூசை" என்று சொல்லிக்கொண்டே தீர்த்தம் எடுக்க உள்ளே ஓடினார்.

பெண்ணின் அப்பாதான் எல்லோரையும் விலகச் சொன்னார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் தரையில் குந்தினார். சித்தப்பாவைத் தொடவில்லை. தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். கொஞ்சம் பொறுத்து அதையே திரும்பச் சொன்னார். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ சொன்னபோது என் தலைமேல் இருந்த கை தளர்ந்தது. சித்தப்பா உருண்டு விலகி, எழுந்து உட்கார்ந்து, அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்நேரம் கரண்டு திரும்பி வந்தது. தட்டு முனகிக்கொண்டே வேகம் பிடித்தது. மேளம் வெடிப்பதற்குள் பெண்ணின் அப்பா எழுந்து முள்ளைத் தூக்கிவிட்டார்.

அப்பா கூனிக் குறுகிப்போய், "மன்னிச்சுக்கங்க. இந்தப் பாட்டு சனியன் புடிச்ச பாட்டுங்க" என்றார்.

"பாட்டுல ஒண்ணும் இல்லீங்க" என்றார் அந்தப் பெரியவர். சித்தப்பாவின் தோளில் கையை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெண்ணுக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று இரண்டு நாளில் சேதி வந்தது. வீட்டில் எல்லோரும் பழியை இசைத்தட்டின் மேல் போட்டார்கள். அதைக் கடலில் வீச வேண்டும் என்றார் அத்தை. அப்பா அதைப் பரணில் ஏற்றினார். பாட்டில் ஒன்றும் இல்லை என்று சொன்னவர் ஏன் பெண்ணைத் தரவில்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பெரியவளான பிறகு நான் அதை யோசித்திருக்கிறேன். அந்த அறையில் இருந்தவர்களிலேயே நடந்தது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவர். தெரிந்ததனால்தான் தரவில்லை.

நான் சித்தப்பா இருக்கும் அறைக்குள் போவதை நிறுத்தினேன். அவர் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பாட்டு நின்றதால் வீடு அமைதியாகிவிடும் என்று நினைத்தோம். ஆனால் பாட்டு இல்லாத வீட்டில் சித்தப்பா இன்னும் கெட்டுப்போனார். கதவு அடித்துக்கொண்டால் எழுந்து நின்றார். மத்தியானங்களில் தூங்காமல் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தார். ஒருநாள் அடுத்த தெருவில் ஒரு சாவுக்கு வேட்டு போட்டார்கள். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேட்டுச் சத்தம் ஓய்ந்து வெகு நேரமாகியும் எழவில்லை. கடைசியில் அம்மாதான், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து தட்டை எடுத்து முன்னறையில் வைத்தார். "கேட்டுட்டுப் போவட்டும்" என்றார். அதன்மேல் யாரும் அபிப்பிராயம் சொல்லவில்லை.

விடுப்பு முடிவதற்குள்ளேயே சித்தப்பா திரும்பிப் போனார். அதன் பிறகு இரண்டு முறைதான் ஊருக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டாளத்தை விட்டு, அங்கேயே ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூடக் காவல்காரராக வேலை பார்த்து, அங்கேயே இறந்தார்.

அந்த முறை அவர் கிளம்புவதற்கு முன்னால், அம்மா கொடுத்தனுப்பிய அவருடைய சட்டைகளை எடுத்துக்கொண்டு நான் முன்னறைக்குள் போக வேண்டி வந்தது. பயணப் பெட்டி கட்டிலின் மேல் திறந்திருந்தது. சட்டைகளைக் கதவருகிலேயே வைத்துவிட்டு ஓடப் பார்த்தேன். சித்தப்பா துணி மடிப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"பாப்பா, எல்லாரும் பாட்டு எப்பிடின்னு சொன்னாங்க. நீ சொல்லவே இல்லியே?"

என்னிடம் அதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

"பயமா இருக்கு சித்தப்பா."

"எனக்குந்தான்" என்றார்.

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அப்ப ஏன் தெனமும் போடுறீங்க?"

அவர் ஒரு சட்டையின் கையை உள்பக்கமாக மடித்தார்.

"இதுல எப்ப வெடிக்கும்னு தெரியும்ல."

எனக்கும்தான் தெரியும். தெரிவதனால்தானே அத்தனை பயம். இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டு, வாசல்வரை நடந்து, அங்கிருந்து ஓடினேன்.