கெடைக்கலயா, எனக்கு போன் பண்ணு

"கெடைக்கலயா? எனக்கு போன் பண்ணு." எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு தேடல் பெட்டி இப்படித்தான் பேசும். இல்லாத ஃபைலின் பெயரை அடித்தால், திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் இந்த வரி வந்து நிற்கும். பெயர் இல்லை, நம்பர் இல்லை. டீமில் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவர் எழுதியது. யாருக்குப் போன் செய்வதென்று அன்றைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஃபர்னஸ் உலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் சின்னக் கம்பெனி எங்களுடையது. எழுதிய புரோகிராம்களை பிரவுசரில் திறந்து பார்க்க ஒரு தளம் உண்டு. பார்க்கலாம், தேட முடியாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிப் போக வேண்டும். நான் எதற்கு இறங்கினேன் என்பதைப் பாதியில் மறந்து மேலே வந்துவிடுவேன். அதைவிடச் சுலபம், டீம் லீடரான அக்காவைக் கேட்பது. பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். முதலில் திட்டுவார், பிறகு சொல்லிவிடுவார்.

கிட்னி கெட்டு, திருவள்ளூரில் டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகும் நாங்கள் அவரை விடவில்லை. ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். "ரத்தம் ஒரு பக்கம் போய்க்கினு கீது, நீ ஃபைலு எங்கன்ற. நர்ஸம்மா மொறைக்குது. பேஜாரா பூடுச்சுப்பா" என்றார் ஒருநாள். அதற்காகவே வீட்டில் உட்கார்ந்து அந்தத் தளத்தில் தேடும் வசதியைச் சேர்த்தார். பெயரிலோ உள்ளே இருக்கும் வரியிலோ நாலு எழுத்து அடித்தால் போதும், ஃபைல் வந்து நின்றது.

போன் நின்றது. நாங்கள் ஏதோ கருணை காட்டுவதாக நினைத்துக்கொண்டோம். சில வாரங்களில் அவரே கூப்பிட்டார்.

"இன்னாப்பா, எல்லாருக்கும் எல்லாமே கெடைச்சிடுதா?"

"கெடைச்சிடுதுக்கா. சூப்பரா கீது."

பாராட்டென்று நினைத்துத்தான் சொன்னேன். மறுமுனையில் டயாலிசிஸ் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "சரி, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். இருந்தும் அந்தச் சத்தம் எனக்குப் புரிய மறுநாள் ஆயிற்று. அன்றைக்குத்தான் பெட்டியில் அந்த வரி முளைத்திருந்தது.

அதன்பின் அவருடைய டயாலிசிஸ் நாட்களில் இல்லாத ஃபைல்களைத் தேடுவது என் வேலையாயிற்று. சம்பளத்துக்கு நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

"அக்கா, 'ஃபர்னஸ் ஸ்லீப்'னு ஒரு ஃபைலு, கெடைக்கல."

"ஃபர்னஸு என்னிக்குடா தூங்கிச்சு? பொய் சொல்றதுக்காவது நல்ல பேரா வையி. நாஷ்டா துன்னியா?" என்று ஆரம்பித்தால், ஊசியை எடுக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார்.

மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனார்.

போன வாரம் மானேஜர் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். புதிதாக வந்தவர்கள் யாருக்குப் போன் செய்வதென்று கேட்கிறார்களாம். நியாயம்தான். அந்த வரி எந்த ஃபைலில் இருக்கிறதென்று அக்காவின் பெட்டியிலேயே தேடினேன். கண்ணிமைப்பதற்குள் வந்து நின்றது. இத்தனை நன்றாக அதை அவர் செய்திருக்க வேண்டாம்.

கைவைக்காமல் மூடிவிட்டேன். பிறகு பெட்டியில் 'ஃபர்னஸ் ஸ்லீப்' என்று அடித்தேன்.

கெடைக்கலயா? எனக்கு போன் பண்ணு.