எவெர்ட்டின் அசையாத கால்கள்

ஸ்வீடனின் வடகோடியில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர் எவெர்ட். பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்வரை அவர் காலுக்கு ஒன்றும் இல்லை. படுத்தாலோ சும்மா உட்கார்ந்தாலோ போதும், முழங்காலுக்குக் கீழே ஏதோ ஊர ஆரம்பித்துவிடும். எழுந்து நடந்தால்தான் அடங்கும். மனுஷர் ஒழுங்காகத் தூங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. எங்கள் வேட்டைக் குழுவிலும், துப்பாக்கியோடு ஏறிக் காத்திருக்கும் பரண் அவருக்குக் கிடைத்ததில்லை. மூஸ் மான் வரும்வரை அசையாமல் உட்கார வேண்டுமே. நாயைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் அலைகிற வேலைதான் எப்போதும் அவருக்கு.

இந்தக் கோடையில் டாக்டர் கால் ஊரலை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார். எவெர்ட் ஆளே மாறிப்போனார். விடியும்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்குவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். முன்பெல்லாம் காலையில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவார். இப்போது பேருந்தில் பாட்டுக் கச்சேரியே நடக்கிறதாம். பகலில் தூக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே சொல்லுங்கள், வண்டியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"ஒரு கொட்டாவிகூட வரல அன்னெலி. இந்தத் தடவ எனக்குப் பரண் குடு" என்றார் என்னிடம். குழுவுக்கு நான்தான் தலைமை. நல்ல பரணாகப் பார்த்துக் கொடுத்தேன்.

வேட்டை தொடங்கிய முதல் சனிக்கிழமை, வாக்கிடாக்கியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எவெர்ட் மட்டும் பதில் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் சத்தமே இல்லை. வேட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன்.

பரண்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. மடியில் துப்பாக்கி. கீழே ஏணியை ஒட்டி, ஈர மண்ணில் மூஸ் மானின் புதுக் குளம்படி. ஆள் செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். மேலே ஏறித் துப்பாக்கியை மெல்ல எடுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"நீ ஏன் எடத்த விட்டு வந்த? இன்னும் ஒண்ணும் வரலயே."

குளம்படியைக் காட்டினேன். தூங்கவே இல்லை என்று சாதித்தார். அவர் பொய் சொல்லவில்லை. தூங்கியது அவருக்கே தெரியவில்லை. அவர் ஓட்டும் பேருந்து நினைவுக்கு வந்தது. என் மகளும் அந்தப் பேருந்தில்தான் போகிறாள்.

அவருக்கும் அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போனது.

"வியாழக்கெழம வண்டி ஓரத்துச் சரளையில எறங்கிடுச்சு. சக்கரம் வழுக்கிடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

சட்டைப் பையிலிருந்து பேருந்துச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பள்ளியில் சொல்லித் திங்கட்கிழமைக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார். அத்தனை நேரமும் அவர் கால் மட்டும் அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் லின்னேயாவிடம், எவெர்ட் மாமா கொஞ்ச நாள் வரமாட்டார் என்றேன். ஏழு வயசுப் பெண், சும்மா விடுவாளா? ஏன் என்று கேட்டாள். வண்டி ஓட்டும்போது அவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது என்று சொல்லிவைத்தேன்.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அது எங்களுக்குத் தெரியுமே. அவர் தல சாஞ்சா நாங்க எல்லாரும் பாடுவோம், முழிச்சுக்குவாரு. பாலம் வந்தா மட்டும் முன்னாடியே ஆரம்பிச்சிடுவோம்."