பயந்தாங்கொள்ளி போட்ட வேலி

சிதம்பரம் குஞ்சிதபாதத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. தொழில் எலக்ட்ரீஷியன். வீட்டில் பல்பு மாற்றுவதற்கு முன் மெயினை அணைப்பார், அணைத்தோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பார், பிறகு மனைவி கார்த்யாயினியை மெயினுக்குக் காவல் நிறுத்துவார். கரண்டு போனால் எங்கே நின்றாரோ அங்கேயே நிற்பார்.

"மெழுகுவத்தி வர்ற வரைக்கும் செலையாட்டம் நிக்கிறத பாரு" என்று அவள் சிரிப்பாள்.

"கண்ணு தெரியலன்னா நிக்கணும்டி. நடக்கறவன்தான் இடிச்சிக்கிறான்" என்பார் இருட்டிலிருந்து.

2009இல், அவர் வேலை பார்த்த கடலூர் மாட்டுத்தீவன ஆலைக்கு மூட்டை அடுக்கும் ரோபோ ஒன்று வந்தது. ஒரே ஒரு கை. அது சுழன்றால் எதிரே நிற்கும் ஆளையும் சேர்த்து அடுக்கிவிடும். பக்கத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும். "இங்க ரொம்ப பயப்படறவன் யாருய்யா?" என்று மேனேஜர் மணவாளன் வேடிக்கையாகத்தான் கேட்டார். அத்தனை பேரும் குஞ்சிதபாதத்தைக் கை காட்டினார்கள்.

அவர் தன் பயத்தையெல்லாம் கொட்டி அதைச் செய்தார். சுற்றிலும் கம்பி வேலி. வாசலில் ஒரு சென்சார்; யாராவது குறுக்கே போனால் ரோபோ நின்றுவிடும். சென்சாருக்கே கண் தெரியாமல் போனாலும் நின்றுவிடும். மறுபடி ஓட்டுவதற்கான பச்சைப் பட்டனை வேலிக்குப் பின்புறம் வைத்தார். அங்கே போய் நின்றால்தான் உள்ளே மூலைமுடுக்கெல்லாம் தெரியும்.

"ஒரு பட்டன அமுக்க நாலு வீதியும் சுத்தி வரணுமா சார்?" என்று தலையில் அடித்துக்கொண்டான் ஆபரேட்டர் ரஃபியுதீன்.

மணவாளனுக்கோ எரிச்சல். "மிஷினு ஓடற நேரத்தவிட நிக்கிற நேரம் ஜாஸ்தியா இருக்கு. ஆயுத பூஜைக்கு மொதலாளி வராரு. அவரு முன்னால நின்னுச்சு, ஒன் வேலியப் புடுங்கி காயலாங்கடைக்கு அனுப்பிடுவேன்."

அன்றிலிருந்து குஞ்சிதபாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. வேலி போனால் பின்னாலேயே ஒரு உயிரும் போகும் என்று அவர் நிச்சயமாக நம்பினார்.

ஆயுத பூஜையன்று மெயினை அணைத்து, ரோபோவுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, வேலிக்குள்ளேயே பூசணிக்காய் உடைத்தார்கள். மணவாளன் பக்திப் பரவசத்தில் கண்ட இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பினார். எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று முதலாளி சுவிட்சைப் போட்டார். ரோபோ அசையவில்லை.

மணவாளன் முகம் கறுத்தது. "அந்த சென்சார் ஒயரக் கழட்டிட்டு நேரா கரண்ட குடுய்யா!"

குஞ்சிதபாதம் அந்த ஒயர் இருந்த பேனல் பெட்டியின் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "ஏன் நிக்குதுன்னு தெரியல சார். தெரியாம ஓட்ட மாட்டேன்." மேனேஜரிடமும் அவருக்குப் பயம்தான். ரோபோவிடம் பயம் அதைவிட ஒரு பிடி கூடுதல்.

உள்ளே என்னவென்று பார்க்க, வேலியைச் சுற்றிப் பச்சைப் பட்டனை நோக்கி நடந்தார். போய்ச் சேர்ந்தவர் உள்ளே பார்த்துவிட்டு உறைந்துபோனார். மூட்டைகளுக்குப் பின்னால், ரோபோவின் கைக்கு நேர் கீழே, கூட்டிப் பெருக்கும் இருசம்மாள் குந்தி உட்கார்ந்து, பூசணிக்காய்க்குள் போட்டு உடைத்த சில்லறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இருசம்மா, வெளிய வாம்மா!" குரல் கீச்சென்று போயிற்று.

"இருங்க சாரு, அடியில இன்னொரு காசு கெடக்கு."

அவள் சாவகாசமாக வெளியே வந்தாள். அப்புறம்தான் ரஃபியுதீன் சென்சாரைக் காட்டினான். அதன் கண்ணை அடைத்துக்கொண்டு, மேனேஜர் வைத்த சந்தனப் பொட்டு. மணவாளன் தன் பட்டு வேட்டி நுனியாலேயே அதைத் துடைத்தார். வேலியைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

குஞ்சிதபாதம் வேர்த்து வழிந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நடந்தது எதுவும் புரியாத இருசம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"எதுக்கு சாரு இப்பிடி நடுங்கறீங்க? இவ்ளோ பயந்தா எப்பிடிப் பொழைக்கிறது?"

"இப்பிடித்தாம்மா" என்றார் குஞ்சிதபாதம், அழுகையும் சிரிப்புமாக.