களைப்பாற வரப்போகிறவர்கள்

ஓய்வெடுக்க வருகிறவர்களுக்கு அறை பதிந்து கொடுக்கிற வேலையில் இருப்பவர்கள், அந்த ஆக்கள் வந்து சேரும்வரை ஒழுங்காக நித்திரை கொள்ளமாட்டார்கள்.

கொடிகாமத்திலிருந்து உள்ளே பிரியும் ஒரு வீதியில், தென்னங்காணிக்குள் ஆறு அறைகளோடு இருக்கிறது எங்கள் சித்த வைத்திய ஓய்வு நிலையம். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பது, மூலிகைத் தண்ணீரில் குளிப்பது, பத்தியச் சாப்பாடு, மிச்ச நேரம் சும்மா இருப்பது. வந்தவர்களைப் பார்ப்பது டொக்டர் கௌரி. நிலையத்தை நடத்துவது நடேசு அண்ணை. வருவதற்கு முன்பு அவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது நான். இதற்கு முதல் யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ்ஸுக்கு இருக்கை பதிந்துகொண்டிருந்தேன். அங்கே சனத்துக்கு ஒரே கவலைதான், யன்னல் பக்கம் கிடைக்குமா என்பது. இங்கே வந்த பிறகுதான் ஒரு மனிதருக்கு எத்தனை விதமான கவலை இருக்கலாம் என்று தெரிந்துகொண்டேன். தொலைபேசி அடித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழும்பி ஓடுகிற வேலையில் இருக்கும் நண்பர்களே, உங்களுக்கு இது ஒன்றும் புதிதாக இராது.

படத்தில் உள்ள குளம்

எங்கள் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது குளத்தின் படம். தாமரை, இரண்டு கொக்கு, கரையில் ஒரு மரவாங்கு. மாரி முடிந்த கையோடு எடுத்த படம். கொழும்பில் இருந்து ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு ஆவணி மாதத்துக்கு அறை பதிந்தார். "குளக்கரைப் பக்கத்து அறைதான் வேணும்" என்று மூன்று தடவை சொன்னார். ஆவணியில் எங்கள் குளத்துக்குள் மாடு மேயும்.

ஆனியிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் வேலைக்கு வந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது குளத்தைத்தான். தண்ணீர் வற்ற வற்ற எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடேசு அண்ணையிடம் சொன்னேன். "வரட்டும் பிள்ளை, வந்தாப் பிறகு பாப்பம். தேவையெண்டால் பவுசரிலை தண்ணி இறக்குவம்" என்றார். குளத்துக்குத் தாங்கி லொறியில் தண்ணீர்! அவர் பட்டணத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வெடித்துக் கிடந்த சேற்றைப் படம் எடுத்தேன். நடுவில் நின்ற மாடும் அதில் விழுந்தது. 'குளம் இப்போது இப்படித்தான் இருக்கிறது. விரும்பினால் திகதியை மாற்றித் தருகிறேன்' என்று கீழே எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணைக்குத் தெரிந்தால் திரும்பவும் பஸ் கந்தோரில் இருக்கை பதியப் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது. கதைத்தவர் அந்த அம்மாவின் கணவர். குளங்களும் வாய்க்கால்களும் கட்டி இளைப்பாறிய எஞ்சினியர் என்று தன்னைச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க முதலே அவர் தொடங்கிவிட்டார்: "முப்பது வருசம் குளங்களோடை மாரடிச்சனான், பிள்ளை. தண்ணி இல்லையெண்டு நான் கேக்க முதலே சொன்ன முதல் ஆள் நீர்தான். திகதியை மாத்தாதையும், நாங்கள் வாறம்."

வாசலில் ஒரு கதிரை

ரொறன்ரோவில் இருந்து வந்த ஒருவருக்கு அவருடைய தாயார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சனிக்கிழமை ராகுகாலம் தொடங்க முதல் மகன் எங்கள் படலையைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். தாயாரும் மகனும் நானுமாகத் தொலைபேசியில் இருந்து நேரம் கணக்குப் பார்த்தோம். விமானம் எத்தனைக்கு இறங்கும், வான் எத்தனைக்கு வெளிக்கிடும், எங்கே நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கலாம் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். எட்டரைக்கு வந்து சேருவார் என்று அந்த அம்மாவுக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன்.

மாங்குளத்தடியில் ரயர் காற்றுப்போனது. வான் எங்கள் வாசலுக்கு வந்தபோது பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ராகுகாலம் முடியப் பத்தரை ஆகும். மனிதர் வெளிறிப்போய் இறங்கி நின்றார். எனக்கு அவரை விட மோசம். தாயாருக்கு வாக்குக் கொடுத்தவள் நான் அல்லவா? "நாற்பது நிமிசம் றோட்டிலை நிக்கேலாது, உள்ளை வாங்கோ" என்று கெஞ்சினேன். அசையவில்லை. கடைசியில் மதில் நிழலாகப் பார்த்து வீதியில் ஒரு கதிரையைப் போட்டு, இளநீரை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் கழுவத் தண்ணீர், துவாய், பிறகு டொக்டரே வந்து பிரஷர் பார்த்ததும் அங்கேதான். போகிற வருகிற சைக்கிள்காரர் எல்லோரும் காலூன்றி நின்று பார்த்தார்கள். இதெல்லாம் தாயாருக்குத் தெரிந்தால் என்ன சொல்லுவாவோ என்று நான் பயந்து பயந்து கேட்டேன். அவர் இளநீரை உறிஞ்சி முடித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "உள்ளை வந்தால்தானே தங்கச்சி வந்த மாதிரி? அம்மாவைப் பொறுத்தவரையிலை நான் இன்னும் வந்து சேரேல்லை."

காணாமல் போன ஜேர்மன்காரி

தனியாகப் பயணம் செய்யும் ஒரு ஜேர்மன் பெண்மணி. அறுபது வயதுக்கு மேல். கொடிகாமம் பஸ் தரிப்பிடத்தில் பின்னேரம் இரண்டு மணிக்கு எங்கள் வாகனம் நிற்கும் என்று ஆங்கிலத்தில் வடிவாக எழுதி அனுப்பியிருந்தேன். இரண்டே காலுக்குச் சாரதி எடுத்து, "அக்கா, இங்கை ஒருத்தரும் இல்லை" என்றார். அந்தப் பெண்மணியின் தொலைபேசிக்கு அடித்தால் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லியது. அதே நேரம் ஜேர்மனியில் இருந்து அவருடைய தங்கை எனக்கு எழுதுகிறார்: 'அக்கா வந்து சேர்ந்துவிட்டாரா?' பதில் எழுதாமல் தொலைபேசியைப் பைக்குள் போட்டேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொடிகாமத்துக்குப் பறந்தேன். பஸ் தரிப்பிடம், புகையிரத நிலையம், தேத்தண்ணிக் கடை எல்லாம் தேடியாகிவிட்டது. பொலிசுக்குப் போவதா, முதலில் நடேசு அண்ணைக்குச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தேன். அங்கே மரக்கறிக்காரி ஒருத்தியின் கடைக்குள், கவிழ்த்துப் போட்ட பெட்டியொன்றில் குந்தியிருந்து, எங்கள் ஆள் முருங்கைக்காயைப் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். முந்தின பஸ் கிடைத்ததால் பதினொரு மணிக்கே வந்துவிட்டாராம். தொலைபேசியில் சார்ஜ் முடிந்துபோனதாம். வெயிலில் நின்றவரை மரக்கறிக்காரி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து இருத்தியிருக்கிறாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. மூன்று மணித்தியாலம் இரண்டு பேரும் கதைத்திருக்கிறார்கள்.

தங்கைக்குப் பதில் அனுப்பிவிட்டு, "இவ எங்கடை ஆள், நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். மரக்கறிக்காரிக்குப் பிடிக்கவில்லை. "உங்கடை ஆளெண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் இன்னும் அரை மணித்தியாலம் விட்டிட்டுப் போங்கோ தங்கச்சி, இவவைப் பாக்கிறதுக்கெண்டே சனம் நிண்டு முருங்கைக்காய் வாங்குது."

கீரை வேண்டாம்

லண்டனில் இருக்கும் சாந்தினி அக்கா தனக்கும் கணவருக்கும் இருபத்தொரு நாளுக்கு அறை பதிந்தார். சொந்த ஊர் அரியாலை. நாங்கள் அனுப்பும் படிவத்தில் நோய் நொடி கேட்கும் 'வருத்தங்கள்' என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் 'இல்லை' என்று எழுதியிருந்தார். இவ்வளவு கரைச்சல் இல்லாத ஆக்களா என்று சந்தோசப்பட்டேன். படிவம் வந்த கையோடு ஒரு குரல் செய்தியும் வந்தது: "சாப்பாட்டிலை அவருக்குக் கீரை மட்டும் போடவேண்டாம். ஒத்துக்கொள்ளாது."

எங்கள் பத்தியத்தில் பாதி கீரைதான். சமையலுக்குச் சொல்ல முதல் டொக்டரிடம் சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். டொக்டர் கௌரி எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார். "அந்த மனுசன் இரத்தம் உறையாமலுக்குக் குளிசை எடுக்கிறாரோ எண்டு கேளும். அந்தக் குளிசை எடுக்கிறவைக்குத்தான் கீரையிலை கவனமாய் இருக்கச் சொல்லுறது. அப்பிடியெண்டால் எங்கடை கசாயம் ஒண்டும் குடுக்கேலாது. அமத்தி எண்ணெய் தேய்க்கவும் ஏலாது, உள்ளுக்கை இரத்தம் கண்டிடும்." கீரை கதையை நான் நேரே குசினிக்கு மட்டும் சொல்லியிருந்தால்?

லண்டனுக்கு எடுத்தேன். நான் கேட்டதும் அக்கா அழத் தொடங்கினார். பதினொரு மாதத்துக்கு முன் கணவருக்கு இருதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். உண்மையை எழுதினபடியால் இந்தியாவில் இரண்டு இடத்தில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "அவருக்கு ஒரு மாறுதல் வேணும், தங்கச்சி. வீட்டுக்குள்ளையே இருந்து மனுசன் கதையை விட்டிட்டுது. இப்ப நீங்களும் வேண்டாம் எண்டுறீங்கள்" என்று கோபத்தோடு வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு அந்தக் குரல்தான். ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றினேனா, ஒரு குடும்பத்தின் கடைசி நம்பிக்கையைத் தட்டி விழுத்தினேனா என்று தெரியவில்லை. அடுத்த நாள் டொக்டரிடம் போய், மருந்து ஒன்றும் கொடுக்காமல் சும்மா கூப்பிட்டு வைத்திருக்க முடியாதா என்று கேட்டேன். அவர் விரல் மடக்கி நிபந்தனை போட்டார். லண்டன் டொக்டரின் கடிதம் வரவேண்டும், அவருடைய குளிசையில் கை வைக்கக்கூடாது, இரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அவர் நடக்கலாம், சாப்பிடலாம், காற்று வாங்கலாம். "எண்ணெயும் கசாயமும் அந்த அக்காவுக்கு மட்டும்" என்றார்.

நான்கு நாள் அடித்த பிறகுதான் சாந்தினி அக்கா தொலைபேசியை எடுத்தார். சொன்னேன். "எனக்கோ? எனக்கு என்ன வருத்தம்?" என்று சிரித்தார். கடைசியாக எப்போது நன்றாக நித்திரை கொண்டீர்கள் என்று டொக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு வந்த குரல் முன்பு கேட்ட குரலாகவே இல்லை: "அந்தப் படிவத்திலை என்ரை பேருக்குக் கீழையும் 'இல்லை' எண்டுதான் எழுதினனான், தங்கச்சி. அதையும் மாத்திவிடுங்கோ."

எழும்பாத மனுசி

சாந்தினி அக்காவும் கணவரும் வந்து இறங்கின நாள், அம்புலன்ஸ் இலக்கத்தைப் பெரிதாக எழுதி மேசையில் ஒட்டினேன். அந்த ஐயா படியில் ஏறும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவர் மெதுவாகத் தென்னைகளுக்குள் நடந்தார், இரண்டாம் நாள் தோட்டக்காரரோடு கிணற்றடியில் நின்று கதைக்கவும் தொடங்கினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் காலை பத்தரை இருக்கும். அவர் கட்டின சாரத்தோடு கந்தோருக்கு ஓடி வந்தார். ஓடக்கூடாத மனிதர்! முகம் வெளுத்துக் கிடந்தது. "இவ எழும்புறாவில்லை. கூப்பிட்டால் 'ம்' எண்டிட்டுத் திரும்பிப் படுக்கிறா. எண்ணெயிலை ஏதும் பிழையோ?" அவரைக் கதிரையில் இருத்திவிட்டு டொக்டரைக் கூட்டிக்கொண்டு அறைக்குப் போனேன். இத்தனை நாளாக நான் பயந்தது ஐயாவை நினைத்து. அக்காவுக்கு ஏதும் ஆகும் என்று ஒரு நிமிடமும் நினைக்கவில்லை, அதுதான் பிழை என்று போகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேன். டொக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், சீனி பார்த்தார். கருவி குத்தியதற்கு அக்கா கையை இழுத்து, "பிறகு வாங்கோ" என்று முணுமுணுத்துவிட்டுத் தலையணையைக் கட்டிப்பிடித்தார். டொக்டர் என்னை வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினார். வெறும் நித்திரை. பதினொரு மாதத்து நித்திரை.

பின்னேரம் நான்கு மணிக்கு அக்கா எழும்பி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அதுவரை ஐயா அறை வாசலில் கதிரை போட்டு இருந்து, அந்தப் பக்கம் போனவர்களை எல்லாம் சத்தம் போடாமல் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுபோன என்னிடம் வெட்கத்தோடு சொன்னார்: "கலியாணம் முடிச்சு இருபத்தாறு வருசம், தங்கச்சி. இவ எனக்குப் பிறகு எழும்பினது இண்டைக்குத்தான் முதல் தரம். அதுதான் நான் பயந்திட்டன்."

இங்கே வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சமாவது சுகப்பட்டுத்தான் திரும்பிப் போகிறார்கள். வரப்போகிறவர்களை நினைத்து எனக்கு வருகிற வருத்தத்துக்குத்தான் டொக்டர் கௌரியிடமும் மருந்தில்லை.