தங்கச்சி கழுத்துச் சங்கிலி

மறுபடி மறுபடி சீழ் வைத்து வீங்கின என் கன்னத்தை இன்னைக்கு ராயபுரத்து டாக்டர் கீறி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். "இதுதாம்மா காரணம். இன்னும் விட்டிருந்தா உசுரே போயிருக்கும்" என்றார்.

என் தங்கச்சிக்கும் இதே வீக்கந்தான். பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி அவள் புருஷன் அவள் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டான், ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. அவள் உசுரு போனதும் கழற்றிக்கொண்டான்.

சாயங்காலம் வூட்டுக்கு வந்து அதே சங்கிலியை நீட்டுகிறான்.

"போட்டுக்கோக்கா, வீக்கம் எறங்கிடும்."

தொட்டேன். அவள் காய்ச்சல் சூடு இன்னும் அதில் இருந்தது.

வாய் நிறையப் பஞ்சு, பேச முடியாது. பல்லை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னாக்கா இது?"

நாளைக்குப் பஞ்சை எடுப்பாங்க. முதல்ல என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க.