அணையாத சூடம்

வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊரில் நான் வாழ்க்கைப்பட்ட புதிதில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. என் கணவரின் அண்ணன் வார்டு உறுப்பினருக்கு நின்றார். எதிர்த்து நின்றது, கீழ்த்தெருவில் தையல் மிஷின் வைத்திருந்த ஒரு அம்மா. என் ஜாக்கெட்டெல்லாம் அவர் தைத்ததுதான். "அதுக்கெல்லாம் எவன் ஓட்டுப் போடுவான்?" என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். கடைசியில் அந்த அம்மா ஜெயித்தார், அதுவும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வித்தியாசத்தில்.

தோற்றவர்களுக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டும். ஊருக்குள் தேடிச் சலித்து, வீட்டுக்குள் தேட ஆரம்பித்தார்கள். மறுநாள் சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் சூடம் ஏற்றினார் அண்ணன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் எங்கள் பக்கத்தில் பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவர் குடும்பம் விளங்காது என்பார்கள். வீட்டுப் பெண்கள் மட்டும் அணைக்க வேண்டுமாம். ஆண்களும் அதே பெட்டியில்தான் போட்டார்கள்; அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

மாமியார் முதலில் வந்தார். "எம் பையனுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லிக் கையை வைத்தார். தீ அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள், அண்ணனின் மனைவி அணைத்தார். அடுத்தது நான்.

நானும் அண்ணனுக்குத்தான் போட்டிருந்தேன். ஒரு நொடியில் கையை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேனுங்க" என்றேன்.

"அப்ப நம்ம அம்மணிதான்" என்றார் அண்ணன். "டவுன்ல படிச்ச புத்தி."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த சூடம் தானாக எரிந்து தீர்ந்தது.

அந்த வாரமே ஆர்.எஸ்.புரத்தில் என் அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். விஷயம் தெரிந்ததும் அப்பா, "போட்டதப் போட்டேன்னு சொல்றதுக்கு என்ன கண்ணு?" என்றார். அவருக்கும் விளங்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வாழாமல் வந்தவள் என்று தெருவில் ஜாடை பேசினார்கள். பல மாதம் கழித்து, பொங்கலுக்கு முன்னால் என் கணவர் வந்து அழைத்துப்போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் என் கையால் காப்பி வாங்கும்போது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அடுத்து பார்லிமெண்ட் தேர்தல். பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் மாமியார் எனக்கு முன்னால் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"ஏனம்மணி, உள்ளார போடறது ஒருத்தருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாதுங்கத்தை."

"அன்னைக்கும் அப்படி நெனச்சுத்தான் அந்தத் தையக்காரிக்குப் போட்டேன். கொழாய்த் தண்ணி கேட்டுப் போனப்ப நம்ம கூட வந்து நின்னவ அவதான். எம் பையன் எங்க வந்தான்?" அவர் கண் கலங்கியிருந்தது. "சூடத்தக் கண்டதும் பயந்துட்டேன். உன்னையச் சொன்னப்பவும் வாயத் தொறக்கல."

எனக்கு நெஞ்சு கொதித்தது. அப்பா வீட்டில் கழிந்த அந்த மாதங்களை யாரிடம் போய்க் கேட்பது? வரிசை நகர்ந்தது. மாமியார் நகராமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவும் ஏத்துவாங்களா கண்ணு?"

கையை உதறிவிடத்தான் நினைத்தேன். அன்று சூடத்தை அணைத்த அந்த உள்ளங்கை என்னை விடவில்லை.

"ஏத்தட்டுங்கத்தை. நீங்க கைய வெக்காதீங்க. அது பாட்டுக்கு எரிஞ்சு போயிரும்" என்றேன்.

அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.